குற்றாலமா, குத்தாலமா: தேடுபொறி படிக்கும் முதல் வரி

குற்றாலத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. பொதிகை எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் தென்காசியில் இறங்கி, பஸ்ஸிலோ ஆட்டோவிலோ சுமார் 5 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் ஆங்கில எழுத்தில் ‘குட்டாலம்’ என்று படிக்கக்கூடிய பெயரோடு ஒரு ரயில் நிலையம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அது மயிலாடுதுறைக்குப் பக்கத்திலுள்ள குத்தாலம். அங்கே அருவியும் இல்லை, சாரலும் இல்லை, காவிரி உண்டு. இரண்டு ஊருக்கும் நடுவே சாலை வழியில் 350 கிலோமீட்டருக்கு மேல்.

நேர்ப்பேச்சில் இந்தக் குழப்பம் யாரையும் தொல்லை செய்வதில்லை. தென்காசிப் பக்கம் வாயில் ‘குத்தாலம்’ என்றே வரும். கேட்பவர் மனசில் அருவிதான் விழும். எழுத்துக்கு வரும்போதுதான் சிக்கல். குற்றாலத்தின் பெயரை வெள்ளைக்காரர் காலத்து வழக்கப்படி ஆங்கிலத்தில் ‘சி’யில் தொடங்குகிறவர்கள் உண்டு. ‘கே’யில் தொடங்கி நடுவில் ‘டி’யும் ‘ஆர்’உம் சேர்ப்பவர்கள் உண்டு. இரட்டை ‘டி’ போட்டு, தெரியாமலே மயிலாடுதுறைப் பக்கம் போய்விடுகிறவர்களும் உண்டு. இத்தனை விதமாக எழுதித் தேடுகிறவர்களுக்கு எந்தப் பக்கத்தை முதலில் காட்டுவது என்று ஓர் இயந்திரம் நொடிக்குள் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவில் பக்கத்தின் தலைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழில் அந்தத் தலைப்பை எழுதுவது தனி வேலை; ஆங்கில வழிகாட்டிகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் வேலை கெட்டுப்போகும் என்பது என் கட்சி.

தலைப்பு என்று நான் சொல்வது பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் தெரிவதை அல்ல. உலாவியின் டேப்பில் பாதி மறைந்தபடி சின்னதாகத் தெரியுமே, அது. பக்கத்தின் நிரலில் ‘டைட்டில்’ என்ற இரு குறிகளுக்கு நடுவே எழுதப்படுவது. கூகுள் முடிவுகளில் சொடுக்கும் வரியாக வருவதும் பெரும்பாலும் இதுதான். பக்கத்தை எழுதுகிறவர் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதனால்தான் ‘முகப்பு’ என்றும் ‘வரவேற்கிறோம்’ என்றும் ‘புதிய பக்கம் 1’ என்றும் தலைப்பிட்ட லாட்ஜ் பக்கங்கள் இன்னும் கிடைக்கின்றன. தென்காசி பஸ் நிலையத்தில் நிற்கும் வண்டியின் பலகையைப் பாருங்கள். போகும் ஊர், வழி, அவ்வளவுதான் இருக்கும். ‘அன்புடன் வரவேற்கிறோம்’ என்று மட்டும் பலகை மாட்டிய பஸ்ஸில் யார் ஏறுவார்?

இந்த வரிக்கு வயது வலைக்குச் சமம். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் வெளியிட்ட, வலைப்பக்க மொழியான எச்.டி.எம்.எல்.-இன் முதல் குறிப்பட்டியலிலேயே ‘டைட்டில்’ இருந்தது. 1995 நவம்பரில் வந்த எச்.டி.எம்.எல். 2.0 வரையறை எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பைக் கட்டாயமாக்கியது. 64 எழுத்துக்குள் இருந்தால் நல்லது என்றது. கூடவே, ‘முன்னுரை’ போன்ற தலைப்பு, பக்கத்தை விட்டு வெளியே வந்தால் பொருள் தராது என்றும் எச்சரித்தது. கூகுள் பிறப்பதற்கு முன்பே சொல்லப்பட்ட அறிவுரை. இன்றும் அதைவிட நல்லதை யாரும் சொல்லிவிடவில்லை.

தேடுபொறிகள் தலைப்புக்குத் தனி மரியாதை தரத் தொடங்கியது வறுமையால். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஃப்ளெட்சர் 1993 டிசம்பரில் ஓடவிட்ட ஜம்ப்ஸ்டேஷன், பக்கங்களின் தலைப்பையும் உள்தலைப்புகளையும் மட்டுமே சேமித்தது. முழுப் பக்கத்தையும் வைத்துக்கொள்ள இடமில்லை. அடுத்த ஆண்டு வெப்கிராலர் முழு உரையையும் சேமிக்கத் தொடங்கியது. இடப் பற்றாக்குறை தீர்ந்தும் தலைப்பின் மதிப்பு குறையவில்லை. செர்கே பிரின்னும் லாரி பேஜும் 1998-இல் கூகுளை அறிமுகப்படுத்தி எழுதிய ஆய்வுக்கட்டுரையில் ஒரு வியப்பான செய்தி உண்டு: பரவலாகத் தேடப்படும் பொருள்களுக்கு, பக்கத்தின் உள்ளே எட்டிப்பார்க்காமல் தலைப்பை மட்டும் ஒப்பிட்டு, இணைப்புகளை வைத்துப் பக்கத்தை மதிப்பிடும் பேஜ்ரேங்க் கொண்டு வரிசைப்படுத்தினாலே போதும், முடிவுகள் நன்றாக அமைகின்றன என்றார்கள். தலைப்பிலும் முகவரியிலும் பிற பக்கங்கள் தரும் இணைப்புச் சொற்களிலும் வரும் வார்த்தைகளை, சாதாரண வரிகளில் வரும் வார்த்தைகளிலிருந்து பிரித்துத் தனியாகவே குறித்துவைத்தார்கள்.

சரி, தலைப்பில் எந்தச் சொல்லை வைப்பது? இதற்குக் கணக்கு இருக்கிறது.

கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் ஓர் எளிய கருத்தை வெளியிட்டார். எல்லா ஆவணங்களிலும் வரும் சொல் எதையும் பிரித்துக்காட்டாது. சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லுக்கே எடை அதிகம். மொத்த ஆவணங்களை அந்தச் சொல் வரும் ஆவணங்களால் வகுத்து, மடக்கை எடுத்தால் அதுதான் எடை. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். குற்றாலத்து விடுதிகளைப் பற்றி 1,000 பக்கங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘குற்றாலம்’ 900 பக்கங்களில் வருகிறது, எடை 0.05-க்குக் கீழே. ‘சிறந்த’ என்பது 500-இல் வருகிறது, எடை 0.3. ‘ஐந்தருவி’ 100-இல் மட்டும் வருகிறது, எடை 1. ஆக, ஐந்தருவி ரோட்டில் இருக்கும் ஒரு விடுதி ‘குற்றாலத்தின் சிறந்த விடுதி’ என்று தலைப்பு வைத்தால், தன்னிடமுள்ள கனமான சொல்லை விட்டுவிட்டு இரண்டு லேசான சொற்களை மேலே தூக்கிப் போடுகிறது. அதற்காக ஊர்ப்பெயரை விட்டுவிடக் கூடாது. விடுதிப் பக்கங்களுக்குள்தான் ‘குற்றாலம்’ மலிவு. மொத்த வலையில் அதுவே அரிய சொல். ‘சிறந்த’ எங்கே போனாலும் மலிவுதான்.

அடுத்த தந்திரம் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடுவது. ‘குற்றாலம் லாட்ஜ், குற்றாலம் ரூம், குற்றாலம் ஹோட்டல், குற்றாலம் காட்டேஜ்’ என்று போகும் தலைப்புகளைப் பார்த்திருப்பீர்கள். எழுதுகிறவர் நினைப்பு, நாலு முறை சொன்னால் நாலு மடங்கு பலன் என்பது. 1990களில் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ராபர்ட்சன் குழுவினர் ஓகாபி என்ற தேடல் அமைப்புக்காக உருவாக்கிய ‘பி.எம். 25’ சூத்திரம் இந்த நினைப்பை உடைக்கிறது. வழக்கமான அளவுருக்களோடு, ஆவண நீளத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒரு சொல் ஒரு முறை வந்தால் மதிப்பு 1. இரண்டு முறை வந்தால் 1.38. மூன்று முறைக்கு 1.57. பத்து முறை எழுதினாலும் 1.96. ஆயிரம் முறை எழுதினாலும் 2.2-ஐத் தாண்டாது. கூகுள் தன் சூத்திரத்தை வெளியே சொல்வதில்லை. ஆனால் இது பாடப்புத்தகச் சூத்திரம். திறந்த மூலத் தேடல் மென்பொருளான லூசீன் 2016 முதல் இதைத்தான் இயல்பாகப் பயன்படுத்துகிறது. இரண்டாவது ‘குற்றாலம்’ பிடிக்கும் இடத்தில் ‘பழைய குற்றாலம் அருகில்’ என்றோ ‘கார் நிறுத்த இடம்’ என்றோ எழுதியிருந்தால் ஒரு புதுச் சொல் கணக்கில் சேர்ந்திருக்கும். தேடி வந்த மனிதருக்கும் ஒரு தகவல் கிடைத்திருக்கும்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழின் தலைவலி இனிமேல்தான்.

ஆங்கிலத்தில் ஊரின் பெயர் வாக்கியத்தில் எங்கே வந்தாலும் மாறாமல் நிற்கிறது. தமிழில் குற்றாலத்தில், குற்றாலத்துக்கு, குற்றாலத்திலிருந்து, குற்றால அருவி, குற்றாலக் குறவஞ்சி. எழுத்தை எழுத்தாகவே ஒப்பிடும் இயந்திரத்துக்கு இவை ஐந்தும் ஐந்து வேறு சொற்கள். கடைசியிலுள்ள ‘ம்’ எல்லாவற்றிலும் காணாமல் போய்விட்டது. ‘தென்காசியில்’ என்பதிலிருந்து ‘தென்காசி’யைப் பிரிப்பது சுலபம், பின்னால் ஒட்டியதைக் கழற்றினால் போதும். ‘குற்றாலத்தில்’ என்பதில் கழற்றவும் வேண்டும், இழந்ததைத் திருப்பிச் சேர்க்கவும் வேண்டும். ‘த்தில்’ வந்தால் நீக்கிவிட்டு ‘ம்’ போடு என்று ஒரு விதி எழுதலாம். குற்றாலத்தில், குற்றாலம் ஆகும். மரத்தில், மரம் ஆகும். அதே விதி ‘எழுத்தில்’ என்பதைச் சந்தித்தால் ‘எழும்’ என்று விடை தரும். எழுத்து எங்கே, எழும் எங்கே! ‘எழும்’ என்று தமிழில் ஒரு சொல் இருப்பதால் இயந்திரத்துக்குத் தப்பு நடந்ததே தெரியாது.

கூகுள் இன்று இந்த அளவு அப்பாவி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இணைப்புகளையும் கோடிக்கணக்கான தேடல்களையும் பார்த்து, எந்த வடிவங்கள் ஒன்றைக் குறிக்கின்றன என்று அது கற்றுக்கொள்கிறது. பெயரைத் தப்பாக எழுதினாலும் பெரும்பாலும் சரியான அருவிக்கே கொண்டுபோய் விடுகிறது. ஆனால் கற்றுக்கொள்ள அதற்குப் பக்கங்கள் வேண்டும். ஆங்கிலத்தில் இருக்கும் அளவுக்குத் தமிழில் பக்கங்கள் இல்லை. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் தரமாக அறிவித்ததே 2010-இல்தான். அதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில் போட்ட தமிழ்ப் பக்கங்கள் தேடுபொறிக்கு வெறும் கிறுக்கலாகவே தெரிந்தன. எனவே இயந்திரத்தின் ஊகத்தை நம்பியிருக்காமல், வேற்றுமை உருபு ஒட்டாத பெயரைத் தலைப்பில் ஒரு முறை வைத்துவிடுவது நல்லது. ‘குற்றாலத்திலே குடும்பத்தோடு தங்கி மகிழ’ என்பதைவிட ‘குற்றாலம் ஐந்தருவி ரோடு: குடும்ப அறைகள், வாடகை’ என்பது வேலை செய்யும். அழகு கொஞ்சம் குறைவுதான்.

நீளத்தைப் பற்றிய அறிவுரை தமிழுக்குச் சுத்தமாகப் பொருந்தாது. தலைப்பு 60 எழுத்துக்குள் இருக்கட்டும் என்று ஆங்கில வழிகாட்டிகள் எல்லாம் சொல்கின்றன. தமிழில் எதை எழுத்து என்று எண்ணுவது? ‘குற்றாலம்’ நமக்கு ஐந்தெழுத்து. யூனிகோடில் அது ஒன்பது குறிகள். கொக்கி, துணைக்கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. கணினி நினைவகத்தில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்க, 27 பைட். இதே சொல்லை இணைய முகவரிக்குள் வைத்து நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். சதவீதக் குறிகளும் எண்களுமாக 81 எழுத்து நீளத்துக்கு வால் முளைத்திருக்கும். அதனால் முகவரியில் ஆங்கில எழுத்தும் தலைப்பில் தமிழும் வைப்பது நடைமுறைக்கு உகந்தது.

உண்மையில் தேடுபொறி எழுத்தை எண்ணி வெட்டுவதில்லை. திரையில் கிடைக்கும் அகலத்தைப் பார்த்து வெட்டுகிறது. புள்ளி எழுத்தின் தலைமேல் உட்கார்ந்துகொள்வதால் எண்ணிக்கையில் வரும், அகலத்தில் வராது. ‘ணை’யும் ‘ஞா’வும் ‘கௌ’வும் கால் நீட்டி இடத்தை அடைத்துக்கொள்ளும். எழுத்து எண்ணும் கருவிகள் தமிழுக்குச் சொல்லும் கணக்கு இப்படி இரண்டு பக்கமும் தவறிப்போகிறது. எண்ணிக்கொண்டிருக்காமல், முக்கியமானதை முதல் நாலைந்து சொற்களுக்குள் முடித்துவிடுவதே பாதுகாப்பு. நிறுவனத்தின் பெயர் கடைசியில் வரட்டும். வெட்டுப்பட்டாலும் நட்டமில்லை.

நீங்கள் எழுதும் தலைப்பை கூகுள் அப்படியே காட்டும் என்பதற்கும் உறுதி கிடையாது. 2021 ஆகஸ்டில் அது தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றியது. அதற்கு அடுத்த மாதம் தந்த விளக்கத்தின்படி, 100-க்கு 87 முறை பக்கத்தின் சொந்தத் தலைப்பு காட்டப்படுகிறது; மீதியில் பக்கத்தின் பெரிய தலைப்பிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ சொற்களை எடுத்து அதுவே ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. பாதி காலியான தலைப்பு, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பு, ஆண்டு மாறியும் மாறாத தலைப்பு, இவையெல்லாம் மாற்றத்துக்கு ஆளாகும். தமிழ் எழுதுவோர் கவனிக்க வேண்டிய செய்தி 2022 ஜூனில் வந்தது. பக்கம் ஒரு மொழியிலும் தலைப்பு வேறு மொழியிலோ வேறு எழுத்திலோ இருந்தால், பக்கத்தின் மொழிக்கேற்ற தலைப்பைத் தேடி எடுப்போம் என்றது கூகுள். உள்ளே முழுக்கத் தமிழில் எழுதிவிட்டு, ஆங்கிலத்தில் தலைப்பு வைத்தால்தான் ஆள் வருவார்கள் என்று நம்பியவர்களுக்கு இது நேரடியான பதில்.

ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்களை என்ன செய்வது? ஐந்து விதமான எழுத்துக்கூட்டலையும் தலைப்பில் அடைக்காதீர்கள். படிக்கிறவருக்கு அது ஏதோ மோசடிப் பக்கம் போலத் தோன்றும். முகவரியில் ஒன்று, பக்கத்தின் உரையில் இயல்பாக வரும் இடத்தில் இன்னொன்று என்று வைத்தால் போதும்.

எந்தச் சொல்லை ஆட்கள் உண்மையில் சொல்கிறார்கள் என்பது இதைவிடப் பெரிய விஷயம். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே பிரானூரில் கிடைக்கும் பரோட்டாவை யாரும் ‘சுவையான பரோட்டா’ என்று தேடுவதில்லை. ‘பார்டர் பரோட்டா’ என்றுதான் தேடுகிறார்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. எல்லை பெயர்ந்து போய் எழுபது ஆண்டு ஆகப்போகிறது, சொல் நிற்கிறது. இன்று பல ஊர்களில் கடைப் பலகைகளில் ‘பார்டர்’ ஏறிவிட்டதால், அந்தச் சொல் தனியாக வந்தால் இடத்தைக் காட்டாது. ‘பிரானூர்’ கூடச் சேர வேண்டும். அரிய சொல்லுக்கு எடை அதிகம் என்ற 1972-ஆம் ஆண்டுக் கணக்கு பரோட்டாக் கடைக்கும் செல்லும்.

அரசு எல்லைகள் மாறும்போது தலைப்புகள் தேங்கிவிடுவதும் இங்கே நடந்திருக்கிறது. தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட சுற்றுலாப் பக்கங்கள் குற்றாலத்தை நெல்லை மாவட்டத்தோடு சேர்த்தே தலைப்பிட்டன. உள்ளே திருத்தியவர்களில் எத்தனை பேர் டேப்பில் தெரியும் வரியைத் திருத்தியிருப்பார்கள்? கண்ணுக்கு எளிதில் படாத வரி என்பதால் பழசாகும்போதும் யாரும் கவனிப்பதில்லை.

இதெல்லாம் சென்னைக்காரர்களும் விளம்பர நிறுவனங்களும் பார்த்துக்கொள்ளும் வேலை என்று நினைப்பவர்களுக்கு, தென்காசிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்திலுள்ள மத்தளம்பாறை நினைவிருக்கட்டும். ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2011-இல் தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தது. அதன் ‘ஜோஹோ டெஸ்க்’ இங்கிருந்து உருவானது. உலகத்தின் மறுகோடியில் இருந்து அதை வாங்குகிறவர் கடை வாசலைப் பார்த்து வருவதில்லை. அதே மலையடிவாரத்தில் இயங்கும் சிறு விடுதிக்கும் ஹோம்ஸ்டேக்கும் வாடிக்கையாளர் வரும் வழி இன்று பெரிய அளவில் இணையத் தேடல்தான்.

தலைப்பின் தரம் வியாபாரத்தைத் தாண்டி உயிரோடு தொடர்புபடும் இடமும் குற்றாலத்தில் உண்டு. மலையில் மழை கொட்டினால் அருவிகளில் வெள்ளம் பெருகும், குளிக்கத் தடை வரும். ‘குற்றால அருவிகளில் குளிக்கத் தடை’ என்ற தலைப்பு ஆண்டுதோறும், சில நேரம் ஒரே ஆண்டில் பலமுறை, அச்சு மாறாமல் வருகிறது. அச்சுத்தாளில் இதில் குறை இல்லை. தாளின் நெற்றியிலேயே தேதி இருக்கிறது. தேடல் முடிவில் வந்து நிற்கும்போது அந்த வரி போன வாரத்தையா போன வருடத்தையா சொல்கிறது என்று தெரியாது. எந்த அருவி என்பதும் தெரியாது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றும் எப்போதும் ஒன்றாக மூடப்பட்டு ஒன்றாகத் திறக்கப்படுவதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் இறந்தான். அது சீசன் மாதம்கூட இல்லை, கோடை மழை.

‘பழைய குற்றாலம்: மே 17 முதல் குளிக்கத் தடை’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? தடை நீங்கியதும் அதே பக்கத்தின் தலைப்பைத் திருத்த இன்னும் குறைவான நேரம்தான். குற்றாலச் செய்தியை இணையத்தில் ஏற்றும் நண்பர்களே, அருவியின் பெயரையும் தேதியையும் முதல் நாலு சொற்களுக்குள் வையுங்கள். கார் ஏறுவதற்கு முன் குழந்தைகளோடு நிற்கும் ஒருவர் அந்த வரியைப் படித்துத்தான் முடிவெடுக்கிறார்; பல நேரம் உள்ளே போய்ப் படிப்பதில்லை.